கணவாய் ஓடு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க ஆண்டவனைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அடுத்த வரியில் இங்கே நாங்களும் நலம் என்று எழுதிப் பழக்கம், இந்த முறை கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அப்பா வேலைக்குப் போய் வருகிறார், நான் சமைக்கிறேன், அந்த அளவுக்கு நலம். மூன்று தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன். உன் தம்பி போய் ஏழு வாரமாகியும் என் கைக்கு அது புரியவில்லை.

உன் கடிதமும் அந்த ஆஸ்பத்திரிப் படிவமும் செவ்வாய்க்கிழமை வந்தன. கணவாய் மீன் சாப்பிட்டு மூச்சு முட்டிய அன்று தம்பியிடம் எடுத்த ரத்தம் ஒரு சின்னக் குழாயில் இன்னும் குளிரில் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் உன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள், இல்லையென்றால் மாதக் கடைசியில் கொட்டிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். குளிரில் இருக்கிறது என்று படித்ததும், அவனுக்குக் குளிர் ஆகாதே என்று நினைத்தேன், பைத்தியக்காரி. அப்பா படிவத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "செத்தும் அவனைக் குத்திக்கிட்டேதான் இருக்கணுமா? அந்த ஒரு சொட்டையாவது சும்மா விடச் சொல்லு உன் மகளை" என்றார். நல்லது நடந்தால் நீ அவர் மகள், இல்லையென்றால் என் மகள், உனக்குத் தெரியாததா. படிவத்தை ரேடியோவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் நீ எழுதியதை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவள் மரபணு படிக்கிறாளாம் என்று உன் அத்தை சிரித்தாள், சிரிக்கட்டும். மரபணு என்பது உடம்பு தன்னைத்தானே செய்துகொள்ள வைத்திருக்கும் குறிப்பு, என் சமையல் நோட்டு மாதிரி, அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், சரிதானே? இறாலின் குறிப்பையும் கணவாயின் குறிப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், சதையைச் சுருக்கி விரிக்க உதவுகிற அந்த ஒரு புரதத்துக்கான வரிகள் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கின்றன, அதனால் இறாலை எதிரி என்று பிடித்துக்கொண்ட உடம்பு கணவாயையும் எதிரி என்று நினைத்துவிடலாம், அன்றைக்கு அப்படித்தான் நடந்ததா என்பதை அவன் ரத்தத்திடம்தான் கேட்க வேண்டும் என்று புரிந்தது. கரப்பான் பூச்சியும் அந்தப் புரதத்துக்கு உறவு என்று எழுதியிருந்தாயே, அதை அத்தையிடம் சொன்னேன். "அய்யய்யே, இனிமே இறாலைத் தொடுவேனா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி இருந்திருந்தால் அதை வைத்தே ஒரு மாதம் அவளைக் கேலி செய்திருப்பான்.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியதற்குத்தான் இந்தக் கடிதம். யார் எதைச் சாப்பிடக் கூடாது என்று கண்டுபிடிக்கிற வேலையில் இருந்துகொண்டு சொந்தத் தம்பிக்குக் கணவாயைச் சொல்லாமல் விட்டேனே, சொன்னேனா என்பதே நினைவில்லையே, இந்தச் சோதனையை முடித்துவிட்டு வேலையை விடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மை கரைந்த இடம் எனக்குத் தெரிந்தது. நீ சொன்னாய், கண்ணு. மூன்று வருடத்துக்கு முன் இறால் சாப்பிட்டு அவன் முகம் வீங்கிய மறுநாள் போனில் நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய், நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டில் எழுதினேன். என்ன சமைத்தேன், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள், எது மிஞ்சியது என்று இருபத்தாறு வருடமாக நாள் தவறாமல் எழுதுகிறவள் நான், ஆனால் இடத்தை வீணாக்கவும் மாட்டேன். நேற்று அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். 'இறால், நண்டு, சிப்பி, கண' என்று எழுதி, வரி முடிந்துபோய், அத்தனையையும் அடித்துவிட்டு மேலே 'ஓடு உள்ளது ஆகாது' என்று சுருக்கிப் போட்டிருக்கிறேன், பெரிய கெட்டிக்காரி மாதிரி. அடித்த கோட்டுக்கு அடியில் அந்த 'கண' இன்னும் தெரிகிறது. பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே பார்.

அதற்குப் பிறகு நான் நோட்டைத்தான் நம்பினேன். அன்றைக்கு மீன்காரம்மா கூடையைச் சாய்த்துக் காட்டி, "முள்ளும் இல்ல, ஓடும் இல்ல, பச்சப்புள்ளைக்கே குடுக்கலாம் அக்கா" என்றபோது மனசு நிம்மதியாகத்தான் இருந்தது. பிள்ளை மூன்று வருடமாக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறானே என்று அரைக் கிலோ வாங்கினேன். நறுக்கும்போது உள்ளே வெள்ளையாக, சின்னப் படகு மாதிரி ஒன்று இருந்தது, என் கையால்தான் உருவி எடுத்தேன். பக்கத்து வீட்டுக் கிளி கொத்துமே என்று கழுவி ஜன்னலில் காய வைத்தேன். எலும்பு என்று நினைத்தேன். நீ வந்து போன பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டம்மா தயங்கித் தயங்கி வந்து, "தப்பா நெனைக்காதீங்க, காய வெச்சிருந்தீங்களே அந்தக் கணவாய் ஓடு, அது இருந்தா குடுங்க, கிளிக்கு மூக்கு வளந்துபோச்சு" என்று கேட்டாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஓடு. உள்ளே இருந்தாலும் அதற்குப் பெயர் ஓடுதான், ஊருக்கே தெரிந்த பெயர். அது இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது, கொடுக்கவும் கை வரவில்லை, எறியவும் கை வரவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதை யாரிடமும் சொல்லவில்லை. தட்டில் போட்டதும் அவன் கேட்டான், "இதுக்கு ஓடு இருக்காம்மா?" என்று. கேட்டுச் சாப்பிடுகிற பிள்ளைதான், பிஸ்கட் உறையைக்கூடத் திருப்பித் திருப்பிப் படிப்பானே. நான், "எல்லாம் பாத்துட்டேன்டா, வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்றேன். "வாயை மூடிக்கிட்டு எப்படிம்மா சாப்பிடுறது" என்று சிரித்தான். அவன் என்னிடம் முழுசாகப் பேசியது அதுதான் கடைசி.

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஆண்டவன் முன்னால் நிற்க முடியவில்லை, அதனால் இன்று காலை பிரார்த்தனை முடிந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "தெரியும்" என்றார். "நான் அப்ப வாசல்ல செருப்பு கழட்டிக்கிட்டு இருந்தேன். அவன் கேட்டதும் கேட்டுச்சு, நீ சொன்னதும் கேட்டுச்சு. எனக்கும் ஒண்ணும் தோணலையே" என்றார். ஏழு வாரம், கண்ணு. ஒரு வார்த்தை கேட்காமல் இந்தக் கையால் போட்டதைத்தான் சாப்பிட்டிருக்கிறார். பிறகு அவரே ரேடியோவைத் தூக்கிப் படிவத்தை எடுத்து, "எங்க போடணும்" என்றார். அவர் கையெழுத்து என் கட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது, நான் ஓரமாகப் போட்டிருக்கிறேன். அப்படி இருந்தால் செல்லுமா என்று கேட்டுக்கொள்.

வேலையை விட்டுவிடாதே. அந்தக் குழாயை வேறு யாரோ வாங்கி வைக்க வேண்டாம், நீ வாங்கு. முடிவு எதுவாக வந்தாலும் அம்மா தாங்கமாட்டாள் என்று மறைக்காமல் எழுது. ஆண்டவன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், உன் கைக்கு அவன் கண்ணாக இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீங்கள் கண்டுபிடித்ததை ஜனங்களுக்கு எழுதுகிற இடத்தில் 'ஓடு உள்ளவை' என்று சுருக்கி எழுத விடாதே. இறால், நண்டு, சிப்பி, கணவாய் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல். இடம் போதவில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
உனக்கும் உன் தம்பிக்கும்
அம்மா