அத்தை வீட்டு ரிமோட்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உடம்பும் மனமும் தேறியிருப்பாய் என்று நம்புகிறேன். கூப்பிட்டால் உன் போன் என்னை உள்ளே விடுவதில்லை. என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். நீ வாங்கி மாட்டிய சின்னப் பெட்டி, டிவிக்குப் பின்னால் தொங்குமே, அதன் ரிமோட் வேலை செய்யவில்லை. ‘ரிமோட் இணைக்கப்படவில்லை’ என்று திரையில் எழுத்து வந்து நிற்கிறது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசையமாட்டேன் என்கிறது. வெளியூர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கிற உன் வீட்டுக்காரனைப் போனில் கேட்டால், “எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா, அவதானே மாட்டினா” என்று கைகழுவிவிட்டான். முழங்கால் வலியோடு நான் எங்கே போவேன்? நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வரி எழுது, போதும். போனவள் போனவளாகவே இருந்துவிடாதே.

அன்புடன்,
அத்தை


மார்ச் 10

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையுமில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்போ தெரியுதா? இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைக்கு மேலேயே ஓர் அறை. சமையல், படுக்கை எல்லாம் அதற்குள்தான். எனக்கு அது தாராளம்.

ரிமோட்டில் முதலில் பார்க்கவேண்டியது பேட்டரி. இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள். பழையதில் ஒன்றை மிச்சம் பிடிக்காதீர்கள், நீங்கள் பிடிப்பீர்கள். அப்படியும் சரியாகாவிட்டால் எழுதுங்கள். எனக்கு அவசரமில்லை.

இப்படிக்கு,
மருமகள்


மார்ச் 15

அன்புள்ள மருமகளுக்கு,

பேட்டரி மாற்றினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கெஞ்சி வாங்கிவரச் சொன்னேன். அவள் தடிமனாக ஒன்றை வாங்கி வந்தாள். மறுபடி அனுப்பினேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்வந்தாள். இதெல்லாம் எனக்குத் தேவையா?

போட்டும் பயனில்லை. அதே எழுத்துதான் நிற்கிறது. தெரிந்த வழிகளை எல்லாம் ஒரே கடிதத்தில் எழுதிவிடேன் அம்மா. தபாலுக்குக் காத்துக் காத்துக் கண் பூத்துவிட்டது. நான் பார்க்கிற தொடரில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

அன்புடன்,
அத்தை


மார்ச் 21

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதினால் குழம்பிப்போவீர்கள். தடவைக்கு ஒரு வழி போதும்.

இந்த முறை பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, சற்றுப் பொறுத்துத் திரும்பச் சொருகுங்கள். பிறகு டிவிக்குக் கிட்டே போய் நின்று ரிமோட்டை அமுக்குங்கள். முழங்கால் வலிக்கும். என்ன செய்வது?

நீங்கள் காத்திருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் காத்திருந்திருக்கிறேன், அத்தை. குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று, மத்தியானம் மூன்று மணியிலிருந்து, எழ முடியாமல், “அத்தை, அத்தை” என்று தொண்டை கட்டுகிற அளவுக்குக் கூப்பிட்டேன். கடைசியில் சாயங்காலப் பால்காரர் வந்து கதவைத் தட்டியபோதுதான் நீங்கள் எழுந்து வந்தீர்கள். அதற்குள் வயிற்றில் இருந்த பிள்ளை போய்விட்டது. “டிவி சத்தத்துல ஒண்ணுமே காதுல விழலம்மா” என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லி அழுதீர்கள். உங்கள் மகனும் நம்பினார். நானும்கூடச் சில நாள் நம்பப் பார்த்தேன்.

அந்த டிவி இப்போது ஊமையாக இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. மறைப்பானேன்?

இப்படிக்கு,
மருமகள்


மார்ச் 27

அன்புள்ள மருமகளுக்கு,

நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்? நான் மட்டும் அழவில்லையா? அது என் பேரப்பிள்ளை இல்லையா?

வயரைப் பிடுங்கிச் சொருகினேன். கிட்டே போய் நின்று அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்த ரிமோட் வாங்கியதிலிருந்தே சண்டித்தனம்தான். நீ விழுந்த அன்றைக்குக்கூட மத்தியானத்திலிருந்து இப்படித்தான் மக்கர் செய்தது. விளக்கு வைக்கிற நேரம்வரை வெறும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் தானாகச் சரியாயிற்று. இந்தத் தடவைதான் பிடிவாதமாக நிற்கிறது.

இன்னொரு செய்தி. அடுத்த மாதம் அவனுக்கு விடுமுறை. உன்னைக் கூப்பிட்டுப்போக வருகிறான். வீம்பு பண்ணாமல் கிளம்பி வா. வந்தால் பெட்டியையும் நீயே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அத்தை


ஏப்ரல் 2

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

அன்று டிவி ஓடவில்லை. அப்படியானால் எந்தச் சத்தத்தில் என் குரல் உங்களுக்குக் கேட்காமல் போயிற்று? டெலிபோன் நிலையத்தில் உட்கார்ந்து, ஊர் பேர் தெரியாதவர் முணுமுணுத்தால்கூடப் புரிந்துகொண்டு இணைப்புக் கொடுத்தவர் நீங்கள். கூடத்திலிருந்து குளியலறைக்கு நடுவே ஒரு திரைச்சீலைதான் தொங்குகிறது.

முந்தின நாள் தனிக்குடித்தனம் போகிறோம் என்று சொன்னேன். அதற்குத்தானா? கொஞ்ச நேரம் கிடந்து அனுபவிக்கட்டும் என்றுதானே உட்கார்ந்திருந்தீர்கள்?

உங்கள் ரிமோட்டைச் சரிசெய்யும் வழி எனக்குத் தெரியும். முதல் கடிதம் வந்த அன்றே தெரியும். சொல்லமாட்டேன்.

மருமகள்


ஏப்ரல் 8

மருமகளுக்கு,

நீ சொல்லாவிட்டால் உலகம் நின்றுவிடுமா? பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். பேட்டரி மூடியைத் திறந்தான், உள்ளே இருந்த குட்டிப் பட்டனை விளக்கு மினுக்கும்வரை அமுக்கிப் பிடித்தான், இணைந்துவிட்டது. “இதுக்குப் போய் மாசக்கணக்கா உக்காந்திருந்தீங்களா?” என்று சிரித்தான். வயதானவளை இப்படி அலைக்கழித்தாயே, உனக்கு மனசு குளிர்ந்ததா?

அன்றைக்கு டிவி ஓடியதா இல்லையா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வயதானவள் எதையோ எதனோடோ சேர்த்து எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. அவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. உன் காலில் விழச் சொல்கிறாயா? அவன் ஒருவன்தான் எனக்கு.

அத்தை


ஏப்ரல் 20

அம்மா,

உங்கள் மகன் வந்தார். என் அறையில் இருக்கிற ஒரே நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “அம்மாவுக்கு வயசாயிடுச்சு. எல்லாத்தையும் மறந்துட்டு வா” என்றார். அன்று டிவி ஓடவில்லை என்று நீங்கள் எழுதியதைச் சொன்னேன்.

“எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்ல.”

“என்னை நம்ப வேணாம். அவங்களையே கேளுங்க.”

என் எதிரிலேயே, ஸ்பீக்கரில் போட்டு, உங்களுக்குப் போன் செய்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. “அன்னிக்கு டிவி ஓடிச்சா இல்லையாம்மா? அது மட்டும் சொல்லு.” நீங்கள், “அவ ஏத்திவிட்டாளா?” என்றீர்கள். அவர் மறுபடி அதையே கேட்டார். போனை வைத்துவிட்டீர்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். நீங்கள் எடுக்கவில்லை.

பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். “நாம வேற வீடு பாத்துக்கலாம். அந்த வீட்டு வாசல்ல இனி கால் வைக்கமாட்டேன்” என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கினேன். அன்று அவர் சொன்னது வேறு. “அம்மாவை இதுல இழுக்காதே” என்றார்.

“நான் சொன்னப்போ நம்பல. அவங்க போனை வெச்சதும் நம்பிட்டீங்க. அவங்க பேச்சுதான் உங்களுக்குப் பேச்சு, அன்னிக்கு அது பொய்யா இருந்தாலும்” என்றேன். எழுந்து கதவைத் திறந்துவிட்டேன். படியில் இறங்கும்போது, எங்கே போவது என்று என்னைக் கேட்டார். உங்கள் வீட்டுக்குப் போகமாட்டார். என் வீட்டில் இடமில்லை.

கோபமெல்லாம் தீர்ந்தால் நெஞ்சு வெறிச்சென்று ஆகிவிடும் என்று பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறுநாள் கடையில், “இன்னிக்கு மூஞ்சியே பளிச்சுனு இருக்கே” என்று முதலாளியம்மா கேட்டார்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். உட்கார்ந்து டிவி பாருங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள்