அக்காவின் ரிப்போர்ட்

மார்ச் 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். எலும்பு மஜ்ஜை மாற்றி ஆறு வருடம் ஆகிறதாம், வருடாந்தரப் பரிசோதனைக்கு வர வேண்டுமாம். போன வருடமும் இதே கடிதம் வந்தது. வேலை மும்முரம் என்று தட்டிக் கழித்தேன். இந்த வருடம் வேலை மும்முரம் இல்லை. பயம். லிஃப்ட் ரிப்பேருக்கு மூன்று மாடி ஏறிப்போனவன், கருவிப் பையில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். எந்நேரமும் குளிர் வேறு. ரத்தப் புற்றுநோய் அன்றைக்கும் இப்படிக் களைப்பாகத்தானே ஆரம்பித்தது? மனைவியிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 5

அக்கா தன் ரத்தப் பரிசோதனை முடிவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். எல்லாம் நார்மல். வருடாவருடம் போடுவாள், மார்க்ஷீட் மாதிரி.

எனக்கு மஜ்ஜை கொடுத்தவள் அவள்தான். அதற்குப் பிறகு என் ரத்த குரூப்பே அவளுடையதாக மாறிவிட்டது. நான் எதையாவது உருப்படியாகச் செய்தால் "என் ரத்தம்டா" என்பாள். சொதப்பினால் "அது உன் மூளை."

யோசித்தேன். என் ரத்தம் அவளுடையது. அவள் ரத்தம் நார்மல். ஆகவே? மூளை வேலை செய்கிறது!

மார்ச் 6

அக்காவின் ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அனுப்பிவிட்டேன். 'இரண்டும் ஒரே ரத்தம்தான், என்னைத் தனியாகக் குத்த வேண்டாம்' என்று ஒரு குறிப்பும்.

மார்ச் 9

நர்ஸ் கூப்பிட்டார். "ரிப்போர்ட் பாத்தேன் சார். வயசு நாலு கூடியிருக்கு, பொண்ணாவும் மாறியிருக்கீங்க. வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

விளக்கினேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. "ரத்தம் அவங்க குடுத்ததுதான். அது உங்க உடம்புல எப்படி இருக்குன்னு உங்களைக் குத்தித்தான் பாக்கணும். அப்புறம் கண்ணு, எலும்பு, நுரையீரல், தைராய்டு எல்லாம் பழைய ஆளோடதுதானே? அதையும் கூட்டிட்டு வாங்க."

வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 12

ஓர் அடுக்குமாடியின் செயலாளர், லிஃப்டுக்கு இந்த வருடம் சோதனையே வேண்டாம் என்கிறார். பக்கத்துக் கட்டடத்தின் சான்றிதழை நீட்டினார். "ஒரே கம்பெனி, ஒரே மாடல். அது ஓடுதுன்னா இதுவும் ஓடும்ல?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "கயிறு வேற, அது சுமக்கற ஆளுங்க வேற! அறுந்தா யாருங்க பதில் சொல்றது?" கத்தி முடித்ததும் மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்துவிட்டேன். பாவம், அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெட்கமாக இருந்தது.

திங்கள்கிழமை வருகிறேன் என்று நர்ஸுக்குச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 16

கண்ணில் நீர் போதுமான அளவு ஊறுகிறதா என்று கீழிமைக்குள் காகிதத் துண்டு செருகி அளந்தார்கள். கேட்டிருந்தால் சும்மாவே அழுது காட்டியிருப்பேன். நுரையீரலுக்காகக் குழாயில் ஊதினேன். எலும்புக்குப் படம். ஆறு குப்பி ரத்தம். களைப்பு எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். நாலு மாதம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முடிவு வெள்ளிக்கிழமை.

மார்ச் 17

மனைவியிடம் சொன்னேன். "வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டரும் சாக்ஸுமா திரியறீங்க. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த நோய் மறுபடியும் வந்துட்டா? திரும்பவும் மஜ்ஜை மாத்தினப்போ அடைஞ்சு கெடந்த அந்தத் தனி அறையா? என்னால முடியாதுப்பா — முடியவே முடியாது.

மார்ச் 20

தைராய்டு! வெறும் தைராய்டு! மஜ்ஜை மாற்றுவதற்கு முன் கொடுத்த கதிர்வீச்சில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்துவிட்டதாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். ஒழுங்காக வருடாவருடம் வந்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம் என்று டாக்டர் ஒரு டோஸ் விட்டார். வாங்கிக்கொண்டேன். வண்டி நிறுத்துமிடத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

மார்ச் 21

அக்காவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ இப்படிச் சொன்னாள்: "நான் எதுக்குடா வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கறேன்னு நெனச்சே? என் ரத்தத்துல ஏதாவது கோளாறு இருந்தா, அது உனக்கும் இருக்குமேன்னுதான்."

ஆறு வருடமாக! பெருமை அடித்துக்கொள்கிறாள் என்றல்லவா நினைத்தேன்.

"அப்படியெல்லாம் இல்லக்கா. குடுத்ததோட உன் வேலை முடிஞ்சுது."

"நீ என்ன டாக்டரா?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

மார்ச் 9, அடுத்த வருடம்

முதல் ஆளாகப் போய் எடுத்த பரிசோதனையின் முடிவு வந்தது. எல்லாம் நார்மல். அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில்: "அப்ப நான் நல்லாத்தான் இருக்கேன். இந்த வருஷம் டெஸ்டுக்குப் போகலடா."

திட்டி நீளமாக ஏதோ எழுதினேன். அவள் டெஸ்ட் எடுத்ததே எனக்காகத்தானே என்று அப்புறம்தான் உறைத்தது. அழித்துவிட்டு, "ஆமாக்கா" என்று மட்டும் அனுப்பினேன்.