பொட்டலத்தின் பின்பக்கம்

பிப்ரவரி 4
அண்ணன் கெடு வைத்துவிட்டார். மே முடிவதற்குள் மொட்டைமாடியில் ஒரு தக்காளியாவது பழுக்க வேண்டும். இல்லையென்றால் தொட்டிகளை அகற்றிவிட்டுத் தகரக் கொட்டகை போடுவாராம். உள்ளே எதை வைக்க? ஒருநாளும் மிதிக்காத உடற்பயிற்சி சைக்கிளை. வீடு இருவருக்கும் பொது, அதிகாரம் மட்டும் அவருக்கு.

பிப்ரவரி 6
பாரம்பரிய விதைச் சந்தைக்குப் போனோம். பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது 'கருஞ்சிவப்பு ராட்சதன்'. படத்தில் பழம் உள்ளங்கையையே மறைத்தது. மனைவியோ ஒவ்வொரு பொட்டலமாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் எடுத்ததில் படமே இல்லை. 'கோலிக்குண்டு அளவு. கடும் வெயிலிலும் காய்க்கும்' என்று கையால் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

"கோலி விளையாடவா?" என்றேன்.

"உங்க ராட்சதன் குளிர்ல வளர்றவன். பின்னாடி போட்டிருக்கு, படிங்க."

படிக்கவில்லை. எட்டுத் தொட்டி எனக்கு, இரண்டு அவளுக்கு.

ஏப்ரல் 2
ராட்சதன் பூத்துக் குலுங்குகிறான். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஏப்ரல் 19
காட்டியிருக்க வேண்டாம். பூவெல்லாம் காம்போடு உதிர்கிறது. விதை தந்தவருக்கு போன் போட்டேன். ராத்திரியும் சூடு தணியலைன்னா அந்த ரகத்துல பிஞ்சு பிடிக்காது, பின்னாடியே போட்டிருக்கோமே சார் என்றார். மனைவி பக்கத்தில்தான் நின்றாள். தன் இரண்டு தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றினாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம்.

மே 8
எட்டுத் தொட்டி. காய் சைபர். இலை மட்டும் தளதளவென்று — என் பேச்சைப் போல.

மே 30
அண்ணன் ஒருநாள் முன்னதாகவே அளவு நாடாவோடு மாடியேறினார். காலையில் தேநீரோடு தனியாக உட்கார எனக்கென்று இருப்பது இந்த ஒரு மூலைதான். இதுவும் போனால் எங்கே போவேன்?

மனைவி தன் செடியிலிருந்து ஒன்றைப் பறித்து நீட்டினாள்.

"என்னம்மா இது, மாத்திரையா?" என்று வாயில் போட்டார். மென்றார். "இன்னொன்னு இருக்கா?"

ஐந்து தின்றார். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜூன் 5
அண்ணனுக்கும் ஆசை வந்துவிட்டது. இனி மாடியில் பாதி அவருக்காம். மிச்ச விதையைக் கேட்டார். இரண்டு பொட்டலங்களையும் முன்னால் வைத்தேன். படமில்லாததை விரலால் ஒதுக்கிவிட்டு ராட்சதனைக் கையில் எடுத்தார்.

"இதுதாண்டா தக்காளி. உனக்கு வளக்கத் தெரியல."

மனைவி என்னைப் பார்த்தாள். அவர் பொட்டலத்தைத் திருப்பப் போனார். நான் மெதுவாக வாங்கி, படம் மேலே தெரியும்படி அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

"எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கோங்க அண்ணே."