முழு வேகத்தில் ஓடும் லிஃப்ட்

ஆல்காய், ஜெர்மனி, பிப்ரவரி 3

அன்பு மகளே,

தோள் எலும்பு முறிந்த பிறகு நேற்றுதான் முதல்முறையாக உட்கார்ந்தே பனியில் சறுக்கும் உன் இருக்கையில், நான் ஓட்டும் மலையேற்ற நாற்காலி லிஃப்டுக்கு வந்தாய். நீ கேட்காமலே நான் வேகத்தைக் குறைத்துவிட்டேன்.

விபத்தில் உன் கால்கள் உணர்விழந்த பிறகு வந்த முதல் குளிர்காலத்திலும் அப்படித்தான் செய்தேன். வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய்: "அப்பா, எல்லாருக்கும் ஓட்டுற மாதிரி ஓட்டுங்க! விழுந்தா நானே எந்திரிச்சுக்குவேன்." மூன்று முறை விழுந்தாய். நான்காவது முறை லிஃப்டின் நாற்காலி உன்னை மலைமேல் ஏற்றிக்கொண்டு போனது. அதன்பின் பன்னிரண்டு வருடம் ஜெர்மன் பனிச்சறுக்கு அணியில் இருந்தாய். நான் ஒருநாளும் வேகத்தைக் குறைக்கவில்லை.

நேற்றும் கத்துவாய் என்று காத்திருந்தேன். "தேங்க்ஸ்ப்பா" என்றாய், அவ்வளவுதான். வரிசையில் உன் பின்னால் நின்ற நம் ஊர் வின்ஸென்ஸ், "பொண்ணுக்கு மட்டும்தான் மெதுவா ஓடுமா? என் முட்டியும்தான் வலிக்குதுய்யா!" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த பருவத்தில் போட்டிகளில் இறங்குவாயா என்று வெள்ளிக்கிழமைக்குள் நீ பயிற்சியாளருக்குச் சொல்ல வேண்டுமாம். உன்னிடம் பேசச் சொல்லி அம்மா நச்சரிக்கிறாள். இறங்கு, இறங்காதே, இரண்டும் எனக்குச் சம்மதம். ஆனால் நேற்று நான் செய்ததை வைத்து முடிவெடுக்காதே. உன் தோள் ஆறிவிட்டது. பயந்தது நான்.

நாளை ஒன்பது மணிக்கு வா. லிஃப்ட் முழு வேகத்தில் ஓடும். என் கை நிறுத்தும் பொத்தான்மேல் இருக்கும். பன்னிரண்டு வருடமாக அங்கேதான் இருந்தது; என் அறை ஜன்னலுக்குக் கீழே என்பதால் நீ பார்த்திருக்க மாட்டாய்.

லிஃப்ட் அறையிலிருந்து,
உன் அப்பா