கண்ணாடியை மறந்தவருக்கு

இன்று காலை ஒரு தகப்பன் பள்ளிக்கூடத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நான் நீட்டிய படிவத்தை வாங்கினார். மேலும் கீழும் இரண்டு முறை பார்த்தார். பிறகு, "கண்ணாடிய ஊட்டுலயே மறந்துபோட்டு வந்துட்டனுங்க டீச்சர், நீங்களே வாசிச்சுச் சொல்லீருங்க" என்றார். கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. காதில் மாட்டுகிற கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் மேல் இல்லை, உங்கள் மேல். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. இன்னும் அடுத்தவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்து என்னை எரிச்சல்படுத்துகிறீர்கள். இந்த மனிதர்களுக்கெல்லாம் இந்த ஒரே பொய்யை யார்தான் சொல்லிக்கொடுத்தார்கள்?

படிவத்தை வாசித்துச் சொன்னேன். அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பு. நன்றாகப் பேசுகிறாள், கணக்கு போடுகிறாள், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திணறுகிறாள். அவர் கிளம்பிப் போன பிறகு என் கைப்பையைத் திறந்து உங்கள் அட்டையை எடுத்தேன். பம்பு மூடிக்கு அடியில் வைக்கிற கேஸ்கட் ஷீட்டில் நீங்கள் வெட்டியது. நடுவே நீளமாக ஒரு சன்னல், புத்தகத்தின் மேல் வைத்தால் ஒரே ஒரு வரி மட்டும் தெரியும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கிரீஸ் வாசம் போகவில்லை. நான் எத்தனை முறை துடைத்திருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே செய்தித்தாளை என் பக்கம் தள்ளினீர்களே, நினைவிருக்கிறதா? "நீ வாசி அம்மணி. நீ வாசிச்சாக் கேக்க நல்லாருக்குது." முதலில் மின்தடை அறிவிப்பு. கரண்ட் இல்லாத நாளில் உங்கள் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் ஒரு வேலையும் ஓடாது என்பதால் அதுதான் உங்களுக்குத் தலைப்புச் செய்தி. அப்புறம் அரசியல், விபத்து, கடைசியாக மணமகள் தேவை விளம்பரங்கள். அவற்றைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். அடுப்பில் ஒரு கண்ணும் பேப்பரில் ஒரு கண்ணுமாக நான் வாசிப்பேன். எத்தனை நாள் தோசை கருகியிருக்கிறது! ஆனாலும் எனக்குள் ஒரு பெருமை. என் வீட்டுக்காரருக்கு என் குரல் என்றால் உயிர் என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டேன். பதினோரு வருஷம் அப்படித்தான் நம்பினேன். முட்டாள்.

அதற்குள் எத்தனை சாக்குகள்! ஓட்டலில் மெனு அட்டை வந்தால் உங்களுக்கு எப்போதும் "ரெண்டு இட்லி போதும்". மகள் பள்ளியில் கையெழுத்துக் கேட்டால் கண் எரிச்சல். சட்டைப் பையில் கண்ணாடி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுவதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டறையில் யார் மோட்டார் எது என்று சீட்டு எழுதி ஒட்ட மாட்டீர்கள், வயரில் கலர் குழாய்தான் மாட்டுவீர்கள். கோபிசெட்டிபாளையத்து வாழைத் தோட்டக்காரர்களுக்குச் சிவப்பு, மதுக்கரைக்காரர்களுக்கு நீலம். ஒரு மோட்டார்கூட மாறிப் போனதில்லை. அதைப் பார்த்து நான் உங்களைக் கெட்டிக்காரர் என்று நினைத்தேன். கெட்டிக்காரர்தான், இல்லை என்று யார் சொன்னது?

எல்லாவற்றுக்கும் மேலே அன்பியக் கூட்டம். நம் தெருவில் தேவாலயப் பங்கைச் சேர்ந்த பன்னிரண்டு குடும்பங்கள், மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். யார் வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரர் எழுந்து நின்று அன்றைய பைபிள் வாசகத்தை வாசிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை நம் வீட்டு முறை வரும். வந்ததும் மேட்டுப்பாளையத்தில் ஏதோ ஒரு பாக்குத் தோப்பில் மோட்டார் எரிந்துபோகும். "போகாம இருக்க முடியாது அம்மணி, பயிர் காஞ்சுபோயிரும்." வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். நான் வாசிப்பேன். ஒவ்வொரு வருஷமும், அதே நாளில், அதே தோப்பில் எரிகிற மோட்டாரைப் பற்றி நான் ஒரு முறையாவது யோசித்திருக்க வேண்டாமா?

யோசிக்க வைத்தது ஒரு பயிற்சி வகுப்பு. வாசிக்கத் திணறும் பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது என்று கற்றுக்கொள்ளப் பள்ளியில் என்னை அனுப்பினார்கள். டிஸ்லெக்சியா என்ற சொல்லை அங்கேதான் சரியாகக் கேட்டேன். வரி தாண்டிப் போவது, எழுத்துகள் இடம் மாறித் தெரிவது, சத்தமாக வாசிக்கச் சொன்னால் வயிற்று வலி வருவது, கை வேலையில் மட்டும் சூரனாக இருப்பது என்று பயிற்சி கொடுத்த அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். மற்ற ஆசிரியர்கள் தங்கள் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துக் குறிப்பெடுத்தார்கள். என் கை ஓடவில்லை. எனக்கு உங்கள் முகம்தான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தருவதுதான் என் பிழைப்பு. என் வீட்டில் பதினோரு வருஷமாக ஒருவர் என்னெதிரே உட்கார்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "ஏனுங்க, உங்களுக்கு வாசிக்க வராதுங்களா?"

நீங்கள் மோட்டாரின் ஆர்மெச்சரைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "மூணாவது படிக்கறப்பவே வாத்தியாரு மக்குன்னு சொல்லி முடிச்சுபோட்டாரு. ஒம்பதாவது வரைக்கும் கடைசி பெஞ்சு. இப்ப நீ என்ன புதுசாக் கண்டுபுடிச்சுட்டே?"

"எங்கிட்ட ஏன் சொல்லலைங்க?"

"டீச்சரக் கட்டிக்கிட்டுப் போயி இதச் சொல்லுவாங்களா?"

நான் கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். உங்களை மக்கு என்று சொன்ன அந்த மனிதர் மேல் வந்த கோபத்தையும் உங்கள் மேலேயே கொட்டினேன். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

அதோடு விட்டிருப்பேன். ஐம்பதை நெருங்குகிறவரைப் பிடித்து உட்கார வைப்பானேன் என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் மகள் இருந்தாள். நாலாம் வகுப்புக்குப் போனதும் அவளும் வரி தாண்டினாள், அவளும் வாசிக்கும் முறை வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போனாள். உங்கள் பிள்ளை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒருநாள் நான் புத்தகத்தை நீட்டியதும், "கண்ணு எரியுதும்மா" என்றாள். உங்கள் குரல், உங்கள் முகபாவம். எழுத்து மெதுவாக வந்தால் பரவாயில்லை, சொல்லித்தர எனக்கு வழி தெரியும். அவள் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லித்தந்தவர் நீங்கள். அதை மாற்றவும் உங்களால்தான் முடியும்.

"இந்த வருசம் அன்பியத்துல நீங்கதான் வாசிக்கோணும். அவ பாக்கோணும்" என்றேன். ஆச்சரியம், நீங்கள் சரி என்றீர்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "ஒருக்கா நீ வாசிச்சுக் காட்டு" என்று கேட்டீர்கள். வாசித்தேன். மேசையில் உங்கள் போன் கிடந்தது. போன்தானே என்று விட்டுவிட்டேன்.

கூட்டத்து நாள் எழுந்து நின்றீர்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கண்ணாடிகூட மாட்டியிருந்தீர்கள். தடங்கல் இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு, முழு வாசகமும். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியது. பாதியில் நீங்கள் ஒரு முறை தொண்டையைக் கனைத்தீர்கள். அந்த இடத்தில் அந்தக் கனைப்பை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. என்னுடைய கனைப்பு. அன்று எனக்குச் சளி பிடித்திருந்தது. போனில் பதிந்துவைத்து, என் சளியையும் சேர்த்து மனப்பாடம் செய்திருந்தீர்கள்! எழுந்து வந்து பார்த்தேன். உங்கள் கையில் இருந்த வாசகப் புத்தகம் வேறு பக்கத்தில் திறந்திருந்தது.

"டீச்சர் ஊட்டுக்காரருன்னாச் சும்மாவாங்க" என்று எதிர்வீட்டு அக்கா பாராட்டினார். நீங்கள் சுண்டலைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே அசடு வழிந்தீர்கள். மனப்பாடம் செய்ய ஒரு வாரம் பட்ட பாட்டில் நாலு வரி வாசிக்கக் கற்றிருக்கலாமே, படுபாவி மனுஷா!

மறுநாள் காலை மகள் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டினாள். ஒரு பிழை இல்லை. நான் குனிந்து பார்த்தேன். திறந்திருந்த பக்கத்தில் இருந்தது வேறு பாடம்.

"இது எங்க கத்துக்கிட்டே கண்ணு?"

"அப்பா நேத்து இப்படித்தானம்மா வாசிச்சாங்க. அப்பா பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

நீங்கள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தீர்கள். கேட்டது. மாட்டிய ஷூவைக் கழற்றினீர்கள். உள்ளே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். "அப்பா நேத்து வாசிக்கல கண்ணு. ஒப்பிச்சுபோட்டேன். எனக்கும் உன்னாட்டத்தான், எழுத்து ஓடும்" என்றீர்கள். அவள் உங்களை ஏற இறங்கப் பார்த்து, "நெசமாவாப்பா?" என்றாள். இரகசியம் பகிர்ந்துகொள்கிறவள் போல ஒட்டி உட்கார்ந்தாள். அன்று பட்டறை பத்தரை மணிக்குத்தான் திறந்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நீங்கள் இரண்டு பேரும் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே. பயிற்சியில் கொடுத்த காகித அட்டையை, "இது என்ன, ஊதுனாப் பறக்குது" என்று தூக்கிப் போட்டுவிட்டு, கேஸ்கட் ஷீட்டில் இதை வெட்டினீர்கள். விளிம்பு பிசிரில்லாமல், வரியின் உயரத்தைக் காலிப்பரில் அளந்து! எழுத்தை விரலால் தடவிப் பழகலாம் என்று நான் சொன்னால், வைண்டிங் செம்புக் கம்பியை வளைத்து எழுத்து செய்தீர்கள். என் துவைக்கிற மெஷினில் ஒரு நாள் செம்பு 'ழ' கிடைத்தது. அவள் உங்களைத் திருத்துவாள். "அப்பா, வரி தாண்டீட்டீங்க." நீங்கள் திரும்ப வருவீர்கள். தினமும் பதினைந்து நிமிடம்தான் என்று நான் சொல்லியிருக்க, இருபதாவது நிமிடத்தில் மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். சில வாரங்களில் ஒரு முன்னேற்றமும் இருக்காது. நேற்று வாசித்த சொல்லே இன்று புதிதாக இருக்கும். "போதும் அம்மணி, இந்தத் தலைக்கு இவ்வளவுதான்" என்று எத்தனை முறை எழுந்தீர்கள்? அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பாள். முனகிக்கொண்டே திரும்பவும் உட்காருவீர்கள்.

அடுத்த வருஷம் மேட்டுப்பாளையத்தில் எந்த மோட்டாரும் எரியவில்லை.

வாசகப் புத்தகத்தின் மேல் அட்டையை வைத்தீர்கள். முதல் சொல்லுக்கே அரை நிமிடம் ஆனது. முதல் வரியில் மூன்று இடத்தில் நின்றீர்கள். பாயில் ஆட்கள் நெளிந்தார்கள். போன வருஷம் அப்படி முழங்கியவருக்கு இப்போது என்ன ஆனது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேர்வை உங்கள் காதோரம் வழிந்தது. எதிர்வீட்டு அக்கா பொறுக்க முடியாமல், "கொடுங்க, நான் வாசிச்சர்றேன்" என்று கையை நீட்டினார்.

"இருங்கக்கா. போன வருசம் ஏமாத்திப்போட்டேன். இந்த வருசம் நானேதான் வாசிக்கோணும்" என்றீர்கள்.

அக்கா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். பதினான்கு வரி. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஒன்பது நிமிடம் நகர்ந்தது. மகள் உங்கள் கால் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் வரி மாறும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்தாள். முடித்துவிட்டு நீங்கள் யாரையும் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தீர்கள். அந்த வாரம் வகுப்பில் யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது அவள் கையைத் தூக்கியிருக்கிறாள். திக்கித் திக்கி அரைப் பக்கம். யாரோ சிரித்தார்களாம். "சிரிச்சாச் சிரிக்கட்டும், அப்பாவுக்கு ஒம்பது நிமிசம் ஆச்சு" என்றாள். இப்போது கல்லூரி விடுதியில் தங்கிப் பிசியோதெரபி படிக்கிறாள். இன்றும் மெதுவாகத்தான் வாசிப்பாள். ஒளிந்துகொள்வதில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் கடைப் பலகை வாசித்தீர்கள், மெனு அட்டை வாசித்து ரோஸ்ட் கேட்டீர்கள், பேருந்தில் மற்றவர்களுக்கு ஊர்ப் பெயர் சொன்னீர்கள். ஆனால் காலையில் செய்தித்தாளை மட்டும் என் பக்கமே தள்ளினீர்கள். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. கையெல்லாம் மாவு, பள்ளிக்கு நேரமாகிறது. "இப்பத்தான் வாசிக்க வருதுல்லங்க? நீங்களே வாசிங்க!"

காபியை ஊதிக்கொண்டே சொன்னீர்கள். "வாசிக்க வராதுன்னு சொல்லாததுதான் பொய் அம்மணி. நீ வாசிச்சாக் கேக்க நல்லாருக்குதுன்னு சொன்னது பொய்யில்லை."

இதை அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாளாவது சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? உங்களோடு இதுதான் தொல்லை. எல்லாவற்றையும் தாமதமாகச் சொல்வீர்கள், போவதை மட்டும் சொல்லாமலே போவீர்கள்.

அந்தத் தகப்பனை வரும் சனிக்கிழமை மகளோடு வரச் சொல்லியிருக்கிறேன். படிவம் எதுவும் நீட்டப் போவதில்லை. உங்கள் அட்டையை மேசையில் வைத்து, இதை வெட்டினவருக்கும் எப்போதும் கண்ணாடி மறந்துபோகும் என்று சொல்லப் போகிறேன். நீங்கள் என்னிடம் வளர்த்துவிட்ட இந்தக் கோபம் அவருக்காவது பயன்படட்டும்.

இன்னொரு கெட்ட பழக்கமும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். தினமும் காலையில் சமையலறையில் நின்று சத்தமாகப் பேப்பர் வாசிக்கிறேன். வீட்டில் ஆள் இல்லாமல் யாருக்கு வாசிக்கிறாள் என்று எதிர்வீட்டு அக்கா நினைத்துக்கொள்ளட்டும். இன்று தோசையும் கருகிவிட்டது.

நாளைக்கு நம்ம கணபதிப் பக்கம் காலை ஒன்பது மணியிலிருந்து சாயந்திரம் ஐந்து மணி வரைக்கும் கரண்ட் இல்லைங்க. கேட்டுதுங்களா?