பதினேழாம் எண் கண்ணாடி

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னோம். நம்பாதே. போன் வந்ததும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். எல்லோரும் சேர்ந்து பேசுவதால் யாரும் எதையும் பேசுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வார்டில் டியூட்டி முடிந்து தனியாக உட்கார்ந்து படி.

அப்பா தன் புதுக் கண்ணாடியைப் பற்றி உன்னிடம் பத்து நிமிடம் பேசினார் அல்லவா? அந்தக் கண்ணாடி அவருடையது இல்லை.

எங்கள் சேவைச் சங்கம் போன மாதம் கண் முகாம் நடத்தியது. நான் அதன் இளைஞர் பிரிவுச் செயலாளர். பெயர்தான் செயலாளர், நாற்காலி போடுவது, பேனர் கட்டுவது, மைக் பிடிப்பது என் வேலை. நாலு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று சிக்னலில் டப்பா குலுக்கினோம். நாற்பத்திரண்டு பேருக்குக் கண் சோதித்து, அவரவர் பவருக்குத் தனித்தனியாகக் கண்ணாடி செய்தோம். அதுவரை எல்லாம் ஒழுங்கு. கண்ணாடி வைத்த பெட்டியில் பெயர் கிடையாது, அடியில் ஒரு எண் மட்டும். எறும்பு அளவுக்கு. கண் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற பெட்டியில், கண் நன்றாகத் தெரிகிறவனுக்கே தெரியாத எழுத்து! கண்ணாடி கொடுக்கிற விழாவில் மேடை மேசை மேல் பெட்டிகளை எண் வரிசையில் அடுக்கியிருந்தார்கள். நான் அதே வரிசையில் பெயர் படிக்க வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். வந்ததும் அடுத்த விழாவுக்குப் போகணும் என்றார். எங்கள் தலைவர், அந்தப் பெயின்ட் கடைக்காரர், சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருப்பாரே, அவர் என் காதருகில் வந்து, “பொம்பளைங்கள முதல்ல கூப்பிடும்மா, போட்டோ நல்லா வரும்” என்றார். கூப்பிட்டேன். பெயர் வரிசை மாறிவிட்டது, பெட்டிகளின் வரிசை மாறவில்லை. யார் மேடை ஏறினாலும் கைக்கு அகப்பட்ட அடுத்த பெட்டி. கை குலுக்கு, கேமராவைப் பார், இறங்கு.

அப்பாவுடைய எண் பதினேழு. அவர் வாங்கி வந்தது முப்பத்தொன்று. அது யாருக்கோ எழுத்துப் படிப்பதற்காகச் செய்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு தினமும் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிப் பள்ளி வேன் ஓட்டுகிறார், அக்கா.

பவர் சரியில்லை போலிருக்கிறது, மாற்றலாம் என்று சொல்லிப் பார்த்தேன். “புதுசுல்ல, கண்ணு பழகணும்” என்கிறார். நேற்று டீ டம்ளரை மேசைக்கு வெளியே வைத்தார். கேட்டால் மேசை நகர்ந்துவிட்டதாம். “ஆமா, உங்களப் பாத்து பயந்து ஓடிப்போச்சு” என்று அம்மா துடைத்துக்கொண்டே முணுமுணுத்தாள். கடையில் வேறு வாங்கித் தருகிறேன் என்றால், நல்ல கண்ணாடி இருக்கும்போது எதற்கு என்கிறார். அவர் கழற்ற மாட்டார். ஏன் என்று உனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக அந்தப் பெற்றோர்களுக்கு அவர் “ஏ டிரைவர்”தான். அன்றைக்கு மைக்கில் ஒருத்தி அவர் பெயருக்கு முன்னால் ‘திரு’ போட்டுக் கூப்பிட்டாள். அந்த ஒருத்தி அவருடைய மகள். பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டார்.

தலைவரிடம் போய்ச் சண்டை போட்டேன். “ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போயாச்சும்மா. சிறந்த சேவைக் கேடயம் நமக்குத்தான். ஒருத்தராவது குறை சொன்னாங்களா? நீ ஏன் கிளறுற?” என்றார். சும்மா கிடைத்ததைக் குறை சொல்ல ஏழைக்கு வாய் வராது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வாயில்லாத்தனத்தின் மேல்தான் கேடயம் நிற்கிறது.

பெயர்ப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போகிறேன். அப்பாவுடையதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

உன் வாயாடி



வெள்ளிக்கிழமை

அக்கா,

பதினேழு கிடைத்துவிட்டது. ஆனால் என் கைக்கு வரவில்லை.

பதினோரு வீடு ஏறி இறங்கினேன். ஒருவர் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். ஒரு அம்மா, “தலைய சுத்துதும்மா, ஆனா குடுத்தவங்க மனசு நோகக் கூடாதுல்ல” என்று சொல்லி என் எதிரில் எடுத்து மாட்டிக்கொண்டாள். பதினேழு இருப்பது பேருந்து நிலையத்துக்குப் பின் சந்தில் துணி ஆல்டர் செய்கிற தையல்காரம்மாவிடம். ஊசியில் நூல் கோக்க வழியில்லாமல் பக்கத்துக் கடைப் பெண்ணைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். கேட்டேன். “என்னோடது வரட்டும், உங்கப்பாவோடத எடுத்துக்க. இது என்கிட்ட இருந்தாத்தானே நீ திரும்பி வருவே?” என்றாள். எங்கள் சங்கத்தில் இவ்வளவு நேராக யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவளுடையது யாரிடமோ இருக்கிறது, அந்த ஆளுடையது இன்னொருவரிடம். நாற்பத்திரண்டு பேரும் ஓரிடத்தில் கூடினால் ஒழிய இது தீராது.

நேற்றுக் காலை அப்பா பள்ளியின் கேட் தூணில் வேனை இடித்துவிட்டார். மெதுவாகத்தான் போனார். முன் சீட்டில் இருந்த சின்னப் பெண்ணுக்கு உதடு கிழிந்து ரத்தம். அவரே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “காலைல சரியா தொடைக்கல, அதான்” என்றார். சட்டையில் அந்தக் குழந்தையின் ரத்தம் இருந்தது, அக்கா. அது அவர் கண்ணுக்குத் தெரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வேன் பட்டறையில் இருக்கிறது. திங்கட்கிழமை வந்துவிடும்.

போன கடிதத்தில் எல்லோரையும் திட்டினேன். ஒருத்தியை விட்டுவிட்டேன். அப்பா மேடை ஏறியபோது அந்தப் பெட்டி எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அதைத் தூக்கி நீட்டியபோது அடியில் இருந்த முப்பத்தொன்றை, அந்த எறும்பு எழுத்திலும், நான் பார்த்துவிட்டேன். அவருடைய எண் பதினேழு என்பதும் தெரியும், நான்தானே பட்டியல் எழுதினேன். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். மைக் என் கையில் இருந்தது. போட்டோக்காரர் விரலைத் தூக்கினார், விருந்தினர் சிரித்தார், அப்பா நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நான் “அடுத்து” என்றேன். அதற்குப் பிறகு பதினோரு பெயர் படித்தேன்.

நாளை மறுநாள் கேடயம் கொடுக்கிற விழா. மேலிடத்து ஆட்கள் பார்க்க வேண்டும் என்று நாற்பத்திரண்டு பேரையும் கண்ணாடியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். மைக் மறுபடியும் என்னிடம்தான். கேடயத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடப் போகிறேன். நடந்ததை, நான் பார்த்ததை, பார்த்தும் வாயை மூடிக்கொண்டதை. அப்புறம் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டு அங்கேயே மாற்றிக்கொடுப்பேன். தலைவர் மைக்கைப் பிடுங்க வருவார். வரட்டும். ஒலிபெருக்கிக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன், ஒயரை எடுக்க மாட்டார். சங்கத்தில் அதுதான் என் கடைசி நாளாக இருக்கும். அது போகட்டும்.

அப்பா சட்டையை இப்போதே இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார். முதல் வரிசையில் உட்காருவார், அந்தக் கண்ணாடியோடு. அங்கிருந்து என் முகம் அவருக்குத் தெரியாது. எனக்கு இருக்கிற ஒரே வசதி அதுதான். ஆனால் குரல் கேட்கும்.

இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அப்பாவைக் கூப்பிடு. ஸ்பீக்கரை அணைக்கச் சொல். என்னைத் திட்டினால் திட்டட்டும், குறுக்கே பேசாதே. அவர் ஒன்றுமே பேசாமல் இருந்தால் மட்டும், போனை வைத்துவிடாதே அக்கா.

உன் தங்கை