காட்சிக்கு முதுகு காட்டி நின்றவருக்கு

என்னங்க,

இன்று உங்கள் ஜீப்பில் ஏறினேன். பழக்கத்தில் உங்கள் ஜீப் என்று எழுதிவிட்டேன், அதை இசக்கிக்கு விற்று மாதக்கணக்கில் ஆகிறது. ஸ்டாண்டில் உங்களோடு வண்டி ஓட்டியவன் கையிலேயே இருக்கட்டும் என்று நான்தான் கொடுத்தேன். மாட்டுப்பட்டியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றேன். "ஏறுங்க மதினி, அங்கிட்டுத்தான் போறேன்" என்று ஏற்றிக்கொண்டான். கதவைச் சாத்தியதும் அந்த வாசனை. டீசல், நனைந்த தார்ப்பாய், வளைவுகளில் தலைசுற்றும் சவாரிகளுக்காக நீங்கள் டப்பாவில் போட்டு வைக்கும் எலுமிச்சம்பழம். இசக்கி சீட்டு உறையை மாற்றியிருக்கிறான், ஊதுபத்தியும் ஏற்றுகிறான். வாசனை மட்டும் போகவில்லை. எப்படிப் போகும்? உங்கள் பிடிவாதத்தில் பாதியாவது வண்டிக்கு இருக்காதா?

நான் அழுதுவிடுவேனோ என்று அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினான். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீங்கள் போன பிறகும் உங்கள் மேல் எரிச்சல் தீரவில்லை என்பதை யாரிடம் சொல்வது? அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

சின்னக்கானலிலிருந்து, சுற்றுலா வந்த ஊர் உலகத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் மலையைக் காட்டினீர்கள். வியூ பாயிண்டில் வண்டியை நிறுத்துவீர்கள். வந்தவர்கள் எல்லாரும் பள்ளத்தைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நீங்கள் மட்டும் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டைப் பார்த்து நிற்பீர்கள். ஏன் என்று கேட்டால், "எல்லாரும் அங்கிட்டுப் பாத்தா இங்கிட்டு யாரு பாக்கது? ஆனை சொல்லிட்டா வரும்?" என்பீர்கள். சரி, அது தொழில். யானை இறங்கும் இடத்தில் பிழைக்கிறவர் அப்படித்தான் நிற்க வேண்டும். நானும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவள்தான், எனக்கும் தெரியும்.

ஆனால் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு தடவையாவது நீங்களும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே பக்கமாகப் பார்க்க வேண்டும். நகை கேட்டேனா, பட்டு கேட்டேனா? இதைத்தான் கேட்டேன். "சீசன் முடியட்டும்" என்றீர்கள். உங்கள் சீசன் ஒரு வருஷமும் முடியவில்லை.

அதனால்தான் சரவணன் டிக்கெட் எடுத்து அனுப்பியபோது நான் அவ்வளவு துள்ளினேன். நம் பிள்ளைக்குப் பிரான்சில் சமையல் வேலை என்றதும் பெரிய பட்டணம் என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தோம். போய்ப் பார்த்தால் சுத்தப் பட்டிக்காடு. செம்மறியாடு, அக்ரூட் மரம், ஓர் ஆறு, அவன் வேலை பார்க்கும் சின்ன ஓட்டல். எனக்குப் பிடித்துப்போயிற்று. அங்கே யானையும் இல்லை, சவாரியும் இல்லை. இனி இந்த மனுஷன் என்ன சாக்குச் சொல்வார் என்று நினைத்தேன். உங்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்குப் புத்தி வரவில்லை.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டீர்கள். காரை ஓட்டியது சரவணன், வழி நெடுக பக்கத்து சீட்டில் பிரேக் மிதித்தது நீங்கள். அவன் ஒரு பாறை உச்சிக்குக் கூட்டிப்போனான். கீழே ஆறு வளைந்து போகிறது, எதிர்க் கரையில் பழைய கோட்டை. நான் திரும்பி உங்களைத் தேடினால், நீங்கள் காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு புதரைப் பார்த்து நிற்கிறீர்கள்!

"அப்பா, இங்க ஆனை கெடையாதுப்பா."

"கெடையாதுன்னு ஒனக்கு யாருல சொன்னா?"

அங்கே நின்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, பார்க்க வேண்டியது உங்கள் பக்கம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, உங்களோடு சேர்ந்து அந்தப் புதரையே பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

சாயங்காலம் அதைவிட மோசம். கோடைக்காலம், அந்த ஊரில் வெயில் சாய ராத்திரி ஆகிறது. ஊர்ச் சதுக்கத்தில் நீளநீளமாக மேசை போட்டு, ஆட்டமும் பாட்டுமாகச் சனங்கள் சாப்பிடுகிறார்கள். நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். "ஆறு மணியாச்சு, ஏறு வண்டில" என்றீர்கள். தலைக்கு மேலே சூரியன் சுட்டெரிக்கிறது. ஆறு மணிக்கு மேல் ரோட்டில் நிற்கக் கூடாது என்பது சின்னக்கானல் சட்டம் என்று நானும் பிள்ளையும் மாறிமாறிச் சொன்னோம். கேட்டால்தானே? அந்த ஊரில் ஒரு சாயங்காலத்தையும் என்னைப் பார்க்கவிடவில்லை நீங்கள்.

அப்புறம் அந்தக் குகை. ஆதி மனிதர்கள் சுவரில் குதிரையும் மாடும் வரைந்து வைத்திருக்கிறார்களாம். கூட வந்த பெண் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டே போனாள், சரவணன் தமிழில் சொன்னான். ஓர் இடத்தில் விளக்கை நிறுத்தினாள். உடம்பெல்லாம் மயிரும் வளைந்த தந்தமுமாக ஒரு யானை! முன்னொரு காலத்தில் அந்தக் காட்டிலெல்லாம் அது திரிந்ததாம். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. லாட்டரி அடித்தவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

"பாத்தியா? கெடையாதுன்னீங்களே ஆத்தாளும் மகனும்!"

அதற்கப்புறம் உங்களைப் பிடிக்க முடியுமா? எங்கே போனாலும் உரிமையோடு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள்.

கடைசியாகச் சரவணன் நம்மை அந்த ஆற்றுக்கே கூட்டிப்போனான். ஆளுக்கொரு துடுப்போடு இரண்டு பேர் போகிற ஒடுக்கமான படகு. படகுக்காரன் நம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கனம் கூடியவர்தான் பின்னால் உட்கார வேண்டும் என்று என்னைக் காட்டினான். வழி திருப்புவது பின்னால் இருக்கிறவர் வேலையாம். அதாவது, நான் ஓட்டுகிறேன், நீங்கள் முன்னால் சும்மா உட்கார வேண்டும். "வண்டி ஓட்டுதவன முன்னால ஒக்கார வச்சு பொம்பளைக்கிட்ட ஸ்டீரிங்கக் குடுக்கானே, இவனுக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கத்தினீர்கள். பிள்ளை இன்னொரு படகில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

தண்ணீரில் இறங்கியும் வாய் ஓயவில்லை. "வளைவு வருது, சத்தம் குடு" என்று என்னை விரட்டி, நான் கொடுக்காததால் நீங்களே "ஏய்ய்ய்" என்று காட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தீர்கள். எனக்குத் துடுப்பை எடுத்து ஒன்று போடலாம் என்று வந்தது. அப்புறம் ஒரு திருப்பம் தாண்டியதும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். வெகுநேரம் பேசவே இல்லை. முன்னால் தொப்பியும் கழுத்தும்தான் எனக்குத் தெரிந்தன. பார்க்கிறாரா, தூங்கிவிட்டாரா, கோபமா? எட்டிப் பார்க்கலாம் என்றால் படகு ஆடுகிறது. நான் ஆசைப்பட்டது அந்த நேரம் நடந்துகொண்டிருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

கரை ஏறியதும் கேட்டேன், "எப்பிடிங்க இருந்துச்சு?"

"நம்ம மாட்டுப்பட்டி டேம்ல இதவிடத் தண்ணி கெடக்கு" என்று செருப்பைத் தேடப் போய்விட்டீர்கள்.

அந்த ஒரு வார்த்தைக்கு ஊர் வந்து சேரும்வரை நான் உங்களோடு சரியாகப் பேசவில்லை. அதை நீங்கள் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. வந்த மறுநாளே ஜீப்பைக் கழுவி ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பார்த்தீர்களா இல்லையா என்று அதற்கப்புறம் எங்கே கேட்பது?

இன்று அணை ஓரத்தில் போகும்போது இசக்கி வண்டியை மெதுவாக்கினான்.

"மதினி, இந்த எடம் வந்தாலே அண்ணாச்சி நெனப்பு வந்துருது. நாங்க ரெண்டு வண்டியுமா வரும்போது, சவாரி எல்லாருக்கும் இங்க நிறுத்தித்தான் பிரான்சு கதை சொல்லுவாரு."

"என்ன கதை?"

"அந்த ஆத்துல போன கதைதான். கூழாங்கல்லு ஒண்ணொண்ணும் தெரியுமாம்லா, அம்புட்டுத் தெளிஞ்ச தண்ணி. மரமெல்லாம் குனிஞ்சு ஆத்தத் தொடுமாம். வலது பக்கம் பாறையில ஒரு கொக்கு, படகு உரசிப் போயும் பறக்கவே இல்லியாம். 'எங்க வீட்டுக்காரி பின்னால ஒக்காந்து ஓட்டுனா. பின்னால அவ இருக்கா, நமக்கென்ன திரும்பிப் பாக்க? எம் பொழப்புல அன்னைக்குத்தாம்ல வேடிக்கை பாத்தேன்'னு சொல்லுவாரு. ஒங்ககிட்டச் சொல்லாமலா இருந்திருப்பாரு?"

டெல்லிக்காரனுக்குச் சொன்னீர்கள், பெங்களூர்க்காரனுக்குச் சொன்னீர்கள், முகம் தெரியாத சவாரிக்கெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். ராத்திரி ஒரே கட்டிலில் படுத்துக் கிடந்த எனக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா? நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒன்றை, அடுத்தவன் வாயால் கேட்டு நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டுமா? நல்ல மனுஷன் நீங்கள்!

"இன்னொரு தடவ சொல்லு, இசக்கி" என்றேன். அவன் முதலிலிருந்து சொன்னான். கொக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். வலது இல்லை, இடது பக்கம் என்றேன். "இல்ல மதினி, அண்ணாச்சி எப்பவும் வலதுன்னுதான் சொல்லுவாரு" என்று அவனும் விடவில்லை. தங்கை வீட்டு வாசல்வரை இதே சண்டைதான்.

நான்தானே ஓட்டினேன், எனக்குத் தெரியாதா? இடது பக்கம்தான்.